தன் கப்பலைத் தானே கவிழ்த்தவர்

இந்துமதி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் என் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தொலைபேசி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தரம்தான் எடுக்க முடிந்தது. அவருடைய மகள் கயல். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. காலையில, தூக்கத்துலயே," என்றாள். அந்தப் பிள்ளை பிரெஞ்சில் படித்து ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவள். என்னோடு பேசும்போதுகூட பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்று முழு வசனத்தையும் தமிழில் சொன்னாள். "ஓம் பிள்ளை, நான் வாறன்," என்று சொல்லி வைத்துவிட்டு மிச்சப் பனியையும் வழித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கார் வெளியே வரவேண்டுமே.

மொன்றியலில் இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அவரை டொக்டர் இந்துமதி என்று தெரியும். கனபேருக்கு, எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்திக் குழாய்க்குள் துப்பச் சொன்ன இந்தியாக்காரி என்றுதான் தெரியும். இரண்டும் ஒருவர்தான். மனிதர் எங்கிருந்து வந்தார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படிக் கலந்தார்கள் என்பதை அவர்களுடைய மரபணுவிலிருந்து வாசிக்கும் ஆய்வாளர் அவர். கரூர்ப் பக்கத்தில் பிறந்தவர். மொன்றியல் நகருக்குள் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். நான் அதே ஆய்வுகூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கி, கேட்ட நேரத்தில் எடுத்துக்கொடுக்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பிரெஞ்சு படித்து, பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் குந்தியிருந்து டிப்ளோமா எடுத்து அந்த வேலைக்குப் போனேன். அவரைவிட நான் இரண்டு வயது மூப்பு. அதனால் அவருக்கு நான் யோகேஸ்வரி அக்கா, எனக்கு அவர் இந்து. ஆனாலும் கடைசி வரைக்கும் நாங்கள் இருவரும் "நீங்கள்"தான். அந்த மரியாதையோடுதான் சண்டையும் பிடித்தோம்.

எனக்குக் கோபம் வரும். தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், யாரோ குளிர்பெட்டிக் கதவைச் சரியாக மூடாமல் போனதற்கு நான் கத்திய கத்தில் அந்த மாடியே அடங்கிப்போயிற்று. பிறகு வெட்கமாகிவிட்டது. "குறை நினைக்காதேங்கோ டொக்டர், இது எங்கட அப்பான்ர குணம். ரத்தத்தில வந்தது," என்று சமாளித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தத்துல வந்ததா, அவர் கத்துறதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால வந்ததா? எப்படிங்க்கா பிரிப்பீங்க?" என்றார். ஒரே வீட்டில் வளர்ந்த என் அண்ணைக்குக் கோபமே வராது என்றேன். "அப்ப வளர்ப்பு இல்ல. ஆனா அவருக்கும் அதே அப்பாதானே? அப்ப ரத்தமும் இல்லையோ?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டார், பின்னாளில் எத்தனையோ பேரிடம் அவர் கேட்டு நான் காதால் கேட்ட அந்தக் கேள்வியை: "சரி, எது நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?" இதற்குப் பதில் இல்லாத ஒன்றை அவர் கருத்தென்றே எடுக்கமாட்டார். எங்கள் ஆட்களுக்குக் கணக்கு இயல்பிலேயே வரும், எங்களுக்குச் சீனி வருத்தம் பரம்பரை, இன்ன ஊர்க்காரர் நெட்டை என்று கோயிலில் யார் எதைச் சொன்னாலும் இந்த ஒரு கேள்வியோடு நிற்பார். முக்கால்வாசிப் பேர் கதையை மாற்றிவிடுவார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களின் ஆட்கள் எப்படிக் கலந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலையை அவர் எடுத்தபோது, ஆட்களைப் பிடித்துக்கொடுப்பது என் பொறுப்பாயிற்று. இரத்தம் வேண்டாம், எச்சில் போதும். டொலார்ட் பகுதியில் எங்கள் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு ஞாயிறு ஒழுங்குசெய்தேன். நான் விட்ட பிழை, பூசைக்குப் பிறகு என்று சொன்னது. துப்புவதற்கு முன் அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. எங்கள் சனமோ அன்னதானம் முடித்து, வடையும் பாயாசமும் உள்ளே போன கையோடு வந்து நிற்கிறது! "டொக்டர், நான் இப்பதான் மூண்டு வடை சாப்பிட்டனான்," என்று ஒருவர். "கோயிலடியில துப்பலாமோ பிள்ளை?" என்று இன்னொருவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்துமதி சிரித்துக்கொண்டே எல்லோரையும் வாயைக் கொப்பளிக்கச் செய்து, அவரவர் காருக்குள் அரை மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டார். வெளியே நல்ல குளிர். கண்ணாடியெல்லாம் புகாரடித்த கார்களுக்கு நடுவே ஒவ்வொரு கதவாகத் தட்டித் தட்டிக் குழாயைக் கொடுத்து, நிரம்பியதை வாங்கிக்கொண்டு நடந்தார். பனியில் இரண்டு தரம் சறுக்கினார். குழாய் ஒன்றுகூட விழவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முடிவுகள் கணினியில் வருவதற்கு முதல், எது வரும் என்று தான் நினைப்பதை ஒரு தாளில் எழுதுவார். உறையில் போட்டு, ஒட்டி, மூடியின் மேல் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். உறை குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கும். "பார்த்த பிறகு சொல்றது ஜோசியம்கூட இல்லீங்க்கா. ஜோசியராவது முன்னாடி சொல்றாரு," என்பார். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களின் பேச்சு முடிவுக்கு ஏற்ற மாதிரி மாறுவதையும் நான் பார்த்திருக்கிறேன். இவருடைய உறைகளில் பாதி பிழையாகத்தான் திறந்தன. ஒன்றையும் அவர் கிழித்து எறிந்ததில்லை.

இனி அந்தக் கப்பல் கதைக்கு வருகிறேன். உங்களில் பலர் பாதி மட்டும் கேட்ட கதை இது.

எங்கள் உடம்பில் தாய் கொடுப்பது ஒன்று இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண் வழியாகவே இறங்கும். தகப்பன் மகனுக்கு மட்டும் கொடுப்பது இன்னொன்று. (அதனால்தான் என் குழாய் போதாமல் அண்ணையையும் பிடித்துத் துப்ப வைத்தோம்.) பெண் கல்யாணம் முடித்துப் புருஷனுடைய ஊருக்குப் போவாள், ஆண் பிறந்த ஊரிலேயே இருப்பான்: இந்துமதி வளர்ந்த இடத்தில் அதுதான் வழக்கம். எனவே தகப்பன் வழிக் குறிகள் ஊருக்கு ஊர் திரண்டு நிற்கும், தாய் வழிக் குறிகள் எல்லா ஊரிலும் கலைந்து கிடக்கும் என்று எழுதி உறையில் போட்டார். துப்புகிறவர்கள் நிரப்பும் படிவத்திலும் "ஊர்" என்ற இடத்தில் தகப்பனுடைய ஊரை எழுதும்படிதான் இருந்தது. முடிவு வந்தது. தாய் வழி கலைந்து கிடந்தது, சரி. ஆனால் தகப்பன் வழியும் கலைந்து கிடந்தது. ஒரே ஊர் என்று எழுதியவர்களிடம் எத்தனையோ வகை!

பல வாரம் யோசித்து அவர் ஒரு விளக்கம் கண்டார். ஆண்கள் பல காலங்களில் பல திசைகளிலிருந்து கடல் வழியாக வந்து இறங்கி, அங்கிருந்த பெண்களை மணந்திருக்கலாம். வணிகர், படைவீரர், கப்பலோட்டிகள். கேட்க நன்றாக இருந்தது. எனக்குப் புல்லரித்தது. பேராசிரியருக்கும், அதாவது அந்த ஆய்வுகூடத்தின் தலைவருக்கும், அது மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிய சஞ்சிகை ஒன்றில் வரக்கூடிய கட்டுரை அது. வந்தால் இந்துமதிக்கு அங்கே நிரந்தர இடம் உறுதி. அதுவரை அவர் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் நீட்டப்பட்டுக்கொண்டிருந்தவர்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அண்ணையிடம் சொன்னேன். என் அண்ணை அப்போதும் இப்போதும் இங்குள்ள எங்கள் ஆட்களின் சங்கத்துக்குத் தலைவர். இந்துமதியைக் கூப்பிட்டுக் கேட்டார். "வந்திருக்கலாம்", "ஒரு சாத்தியம்" என்று இந்துமதி வசனத்துக்கு வசனம் சொல்லித்தான் பேசினார். அண்ணை அந்த "இருக்கலாம்" எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார். சங்கத்தின் வட்ஸ்அப்பில் "எம் முன்னோர் கடல் கடந்த வீரர்கள்: விஞ்ஞானம் நிரூபித்தது" என்று போயிற்று. பாராட்டு விழாவுக்குத் திகதி குறித்தார்கள். அழைப்பிதழில் பாய் விரித்த கப்பல். இந்துமதி அதைப் பார்த்து முகம் சுளித்தார். "நான் ஒரு வார்த்தை முன்னாடியே பேசிட்டேன் அக்கா. தப்பு என்னோடது," என்றார். ஆனாலும் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. கப்பலில் அவருக்கும் ஆசை இருந்தது.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம், இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். அண்ணையின் மகளுக்குக் கல்யாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்ட்.

"அப்ப பொண்ணு பாலம் தாண்டிப் போகுதா?" என்று கேட்டார்.

"அவள் ஏன் போறாள்? மாப்பிள்ளைதான் இஞ்ச வாறார். அண்ணை டொலார்ட் வீட்டை அவளுக்குத்தானே குடுக்கிறார்."

"இங்க வந்ததால அப்படிப் பண்றீங்களா?"

"சீச்சீ. ஊரிலயும் கனபேர் அப்பிடித்தான். வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. எங்கட அப்பா அம்மான்ர ஊருக்கு வந்தவர்."

"உங்க அம்மாவோட அப்பா?"

"அவரும் வந்தவர்தான்."

கரண்டி பெட்டிக்குள் விழுந்தது. இந்துமதி தயிர்ச்சோற்றை மூடிவைத்தார். "அக்கா," என்றார், "அப்ப ஆம்பளைங்க கலையறதுக்குக் கப்பல் எதுக்குங்க? கல்யாணம் போதுமே."

நான் பயந்துபோனேன். ஏதோ பெரிய கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்டது போல இருந்தது. "நான் சும்மா சொன்னனான், அதை விடுங்கோ," என்றேன். அவர் விடவில்லை. இன்னொருவராய் இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்காதது போல் இருந்திருப்பார், யாருக்குத் தெரியப்போகிறது? "எல்லா விஞ்ஞானிக்கும் தான் புடிச்ச முயலுக்கு மூணு கால்தாங்க்கா. நாலாவது காலை எண்ணத்தான் சோதனை வெச்சிருக்கு," என்றார்.

எண்ணினார். என் பேச்சையும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். கையில் இருக்கும் முடிவுக்குக் கப்பலும் பொருந்துகிறது, மாப்பிள்ளையும் பொருந்துகிறது. அப்படியானால் இரண்டும் வெவ்வேறு பதில் சொல்லும் ஓர் இடத்தைத் தேடவேண்டும் என்றார். தேடிக் கண்டும் பிடித்தார். ஆட்களைத் தகப்பன் ஊரில் வைக்காமல், தாயின் தாய் பிறந்த ஊரில் வைத்துப் பார்ப்பது. பெண்கள் ஊர் மாறியிருந்தால் தாய் வழிக் குறிகள் அப்போதும் கலைந்தே கிடக்கும். பெண்கள் வீட்டோடு இருந்து ஆண்கள் வந்திருந்தால், கோழியின் கீழே குஞ்சுகள் கூடுவது போல அவை ஊர் ஊராகக் கூடிவிடும். ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுத்துக்கொண்டு, துப்பியவர்கள் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அம்மம்மா பிறந்த ஊரைக் கேட்கும் வேலை எனக்கு வந்தது. எத்தனை பின்னேரங்கள்! "அம்மம்மான்ர ஊரோ? அதை ஏன் இப்ப கேக்கிறியள், காணிப் பிரச்சினையோ?" என்று கேட்டவர்கள் உண்டு. முதல் தரம் ஊரை உடனே சொன்ன ஆண்கள், இந்தமுறை "மனிசியைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்கள். மனைவிக்குப் புருஷனுடைய அம்மம்மா ஊரும் தெரிந்திருந்தது.

ஊர்ப் பெயர்களை மறைத்து வெறும் இலக்கம் போட்டுத்தான் கணினிக்குக் கொடுத்தோம், எந்த ஊர் எது என்று பார்க்கிறவருக்கே தெரியக்கூடாது என்று. சீட்டுக்கட்டைக் குலுக்குவது போல ஊர்களை ஆட்களுக்கிடையே குலுக்கிக் குலுக்கிப் போட்டு, தற்செயலாகவும் இப்படிக் கூடுமா என்றும் பார்த்தார். அதற்கு முதல் வழக்கம்போல் உறை. இந்தமுறை அதில் எழுதியதை எனக்கு வாசித்தே காட்டினார்: "நான் கப்பல் பக்கம். அதுதான் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்." ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கவேண்டுமாம்.

தாய் வழிக் குறிகள் கூடிவிட்டன. எத்தனை தரம் குலுக்கியும் தற்செயலாக அப்படிக் கூடவில்லை. இந்துமதி திரையைப் பார்த்தார், உறையைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அக்கா, தோத்துட்டேன்!" என்று அவர் சொன்னதில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை.

எனக்கு அன்று சந்தோஷம் இல்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன். அண்ணை ஊரெல்லாம் சொல்லிவிட்டார், விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, கப்பல் படம் அச்சாகிவிட்டது. "விழா முடியட்டும் இந்து. பேந்து சொல்லலாமே," என்றேன். "பேந்துன்னா எப்ப அக்கா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது, எங்களை நாணப்பண்ணப் போகிறீர்கள் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதே கிழமை பேராசிரியரும் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். கப்பல் கட்டுரையை அனுப்புவோம், மாப்பிள்ளை விஷயத்தை அடிக்குறிப்பாகச் சேர்ப்போம் என்பது அவர் யோசனை. அவரும் கெட்ட மனிதர் இல்லை. இந்துமதிக்காகத்தான் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். முழுப் பூசணிக்காயை ஓர் அடிக்குறிப்புக்குள் மறைக்கமுடியாது என்று பிரெஞ்சில் அவருக்கு எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் தமிழில் சொன்னார்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறையச் சனம். மேடைக்குப் பின்னால் அந்தக் கப்பல். அண்ணை பொன்னாடையை விரித்தபோது இந்துமதி கையால் தடுத்தார். "முதல்ல நான் பேசிடறேனுங்க. அப்புறமும் போர்த்தணும்னு தோணினா போர்த்துங்க," என்றார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். தான் நினைத்தது என்ன, அது ஏன் பிழை, எந்தச் சோதனையில் விழுந்தது எல்லாம். "இது மொன்றியல்ல இருக்கிற கொஞ்சம் குடும்பங்களோட கதைங்க. ஒரு இனத்தோட கதைன்னு இதையும் பெருசு பண்ணிடாதீங்க," என்று எச்சரிக்கையும் செய்தார். முன்வரிசையில் இருந்த வயதான ஒருவர் எழும்பினார். "அப்ப கப்பல் இல்லையோ பிள்ளை?"

"கப்பலும் எப்பவாவது வந்திருக்கலாம் ஐயா. என்கிட்ட இருக்கிற எச்சில்ல அது தெரியல. தெரியறது மாட்டுவண்டிதான். பக்கத்து ஊர்லேருந்து மாப்பிள்ளை வந்த வண்டி."

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கைதட்டலும் அங்கிருந்துதான். அண்ணை கசாயம் குடித்த முகத்தோடு பொன்னாடையைப் போர்த்தினார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் இந்துமதி இன்னொன்றும் சொன்னார். "என் தப்பை எனக்குக் காட்டினது யோகேஸ்வரி அக்கா. இந்தக் கைதட்டல் அவங்களுக்கு," என்று என்னை நோக்கிக் கை நீட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணையும் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு யாரையோ சொல்கிறார் என்பது போலக் குனிந்து கைப்பையைத் துழாவினேன். ஒன்றும் தேடவில்லை. அண்ணையின் கண்ணைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். எத்தனை பேர் முன்னாலும் கத்தத் தெரிந்த எனக்கு எழும்பி நிற்கத் தெரியவில்லை.

அடுத்த முறை அவருடைய ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. காரணம் எழுத்தில் இல்லை. இந்துமதி ஒரு கல்லூரியில் உயிரியல் படிப்பிக்கப் போனார். நோயில் விழும் வரை அங்கேயே இருந்தார். அந்த முடிவைச் சிறிய குறிப்பாக எழுதி வெளியிட்டார். பெரிய சஞ்சிகை இல்லை. அதில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். குழாய்க்குப் பெயர் ஒட்டுகிறவளின் பெயர்! நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க சொல்லாட்டி நான் ஊரையே ஏமாத்தியிருப்பேன்," என்று சொல்லிப் பெயரைச் சேர்த்துவிட்டார்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். நல்ல நினைவோடு இருந்தார். நெடுநாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை அன்று கொட்டினேன். அந்தப் படிவத்தில் தகப்பன் ஊரைக் கேட்டது பிழை என்று எனக்கு முதல்நாளே தெரியும்; எங்கள் ஆட்களுக்கு அது பொருந்தாது என்று தெரிந்தும், பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்ததை குழாய்க்குச் சீட்டு ஒட்டுகிற நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்; அன்றே சொல்லியிருந்தால் கப்பலும் இல்லை, விழாவும் இல்லை, உங்கள் வேலையும் போயிராது என்றேன். அழுதுவிட்டேன்.

இந்துமதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் அக்கா. படிவத்தைச் சோதிக்கறதுக்கு முதல்ல நிரப்பினதே நீங்கதான். ஊர்ங்கற இடத்துல அம்மா ஊரை எழுதி, வெட்டிட்டு, அப்பா ஊரை எழுதியிருந்தீங்க. அந்த வெட்டை நான் அன்னைக்கே பார்த்தேன். ஏன் வெட்டுனீங்கன்னு கேட்கத் தோணுச்சு. கேட்கல." மூச்சு வாங்கியது. ஆனாலும் சொன்னார்: "நீங்க சொல்லாதது ரெண்டாவது தப்பு. நான் கேட்காததுதான் மொதல் தப்பு. கணக்கை மாத்தி எழுதாதீங்க."

அத்தனை வருடமும் அந்தப் பழியை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவரும் தன் பங்குக்குச் சுமந்திருக்கிறார். நான் எழும்பிப் போகும்போது, "நாளைக்கும் வாங்க, சண்டை போடலாம்," என்றார். போனேன். இன்னும் நாலைந்து முறை போனேன்.

இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்துக்கு நீங்களும் கனபேர் வந்திருந்தீர்கள். அண்ணை இரங்கலுரை சொல்ல எழும்பினார். நல்ல மனிதர், நல்ல குரல். இந்துமதியோடு படித்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், வெள்ளைக்காரர், கறுப்பர், எங்கள் சனம் எல்லாம் நிறைந்திருக்க, "எமது முன்னோர் கடல் கடந்து கப்பலில் வந்த வீரர்கள் என்பதை உலகுக்கு நிறுவிய அம்மையார்," என்று தொடங்கினார். அந்த விழாவில் கேட்டதை அவர் மறந்துவிட்டார். மறந்தாரோ, மறக்க விரும்பினாரோ! முன்வரிசையில் கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழும்பினேன். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. அது பிழை."

அண்ணை திகைத்துப்போனார். "யோகேஸ், இதுக்குள்ளயோ? பேந்து கதைப்பம்."

"இல்லை அண்ணை, இப்பதான் கதைக்கவேணும். இந்து அதை நிறுவேல்ல. அது பிழை எண்டு காட்டினவ. தான் ஆசைப்பட்டதைத் தானே பிழை எண்டு காட்டினவ, அதுக்குத் தன்ர வேலையையும் விட்டவ. எங்களுக்குள்ள அப்பிடியொரு ஆள் இருந்தவ. அந்தப் பிழையை அவவுக்குச் சொன்னது நான். அண்டைக்கு என்னைக் காட்டிக் கை நீட்டினவ, நான் குனிஞ்சு போனன்."

கயல் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணை கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நீயே சொல்லு பிள்ளை," என்று ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார்.

சொன்னேன். அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். இந்துமதியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இதுதான்: தெரிந்ததைத் தெரிந்த நேரத்தில் எழும்பி நின்று சொல்வது. அறுபது தாண்டி வந்த பழக்கம்.